மருத்துவமனை நிர்வாகம்: படித்ததும் பார்த்ததும்

வணிகவியல் முடித்து எம்.எச்.ஏ. என்ற மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பில் சேர்ந்தவன் நான். மருத்துவம் தெரியாதவன் மருத்துவமனையை எப்படி நடத்துவான் என்று இன்றும் கேட்கிறார்கள். இதற்கென முதுநிலைப் படிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1934-இலேயே தொடங்கிவிட்டது, கேள்விக்குத்தான் வயதாகவில்லை.

நிதி, சட்டம், புள்ளியியல், பணியாளர் மேலாண்மை எல்லாம் வகுப்பில் வந்துவிடும். வராதது டிஸ்சார்ஜ். பயிற்சிக் காலத்தில் என்னை அங்கேதான் போட்டார்கள். காலை ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவர் சொல்லிவிடுவார். நோயாளி கிளம்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். நடுவில் என்னதான் நடக்கிறது என்று கோப்பின் பின்னாலேயே நடந்து பார்த்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டியவர் அறுவை அரங்கில் இருப்பார். மீந்த மருந்துகள் மருந்தகத்துக்குத் திரும்பாமல் பில் முடியாது. பில் முடியாமல் காப்பீட்டு நிறுவனத்தின் இறுதி ஒப்புதல் வராது. அவர்கள் ஒரு விளக்கம் கேட்டால் கோப்பு மறுபடியும் வார்டுக்கு. இத்தனைக்கும் நடுவே அதே படுக்கைக்காக அவசரப் பிரிவில் ஒருவர் காத்திருப்பார். படுக்கை நிரம்பல் விகிதத்தைத் தேர்வில் சூத்திரமாக எழுதியவனுக்கு அங்கே அது ஆளாகத் தெரிந்தது.

*

நான் செவிலியராக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவள். வார்டு அத்துப்படி, பட்ஜெட்தான் புரியவில்லை. ஸ்கேன் இயந்திரம் வாங்கும்போது விலையோடு பராமரிப்பு ஒப்பந்தத்தையும் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் வேலையை விடாமல் படித்தபோதுதான் பிடிபட்டது. ஆள் போதவில்லை என்று முன்பு மேலிடத்தோடு சண்டை போட்டேன். இப்போது பணி அட்டவணை போடுவது நான். பழைய தோழிகள் அதே சண்டையை என்னிடம் போடுகிறார்கள், நியாயமாகத்தான்.

*

முதுநிலைப் பட்டம் கைக்கெட்டாதவர்களுக்கு மருத்துவ ஆவணப் பிரிவு ஒரு வாசல். மூன்றாவதாக எழுதும் நான் நுழைந்தது அப்படித்தான். நோய்களுக்குக் குறியீடு தரும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல்தான் ஐசிடி. அதன் புதிய பதிப்பான ஐசிடி-11 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தாலும் ஐசிடி-10 இன்னும் பல இடங்களில் புழங்குகிறது, இரண்டையும் பழகுங்கள். கோப்பில் 'நெஞ்சு வலி' என்றிருந்தால் ஒரு குறியீடு, 'மாரடைப்பு' என்றிருந்தால் வேறு. தெளிவில்லையென்றால் ஊகிக்கக் கூடாது. எழுதிய மருத்துவரிடமே போய்க் கேட்க வேண்டும். சிலர் எரிந்து விழுவார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

*

முதலில் எழுதியவன்தான் மீண்டும். பயிற்சிக்குச் சேருமுன் எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வரவேற்பு மேசையில் உட்காரவைத்தே காலத்தை ஓட்டிவிடுவார்கள்.