அரை நாள் சுற்றா, முழு நாள் சுற்றா? ஊரிலிருந்து மாமா குடும்பம் வருகிறது

லயத்துவீட்டுப்பெண்:
வணக்கம். நாங்கள் மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அடுத்த மாதம் புதுக்கோட்டையிலிருந்து தாய்மாமா குடும்பம் வருகிறது. ஆறு பேர், அதில் பாட்டிக்கு 72 வயது, மூட்டுவலி வேறு, சின்னப் பிள்ளைகள் இருவர். எங்களோடு மூன்று நாள்தான் இருப்பார்கள். வழிகாட்டியோடு வேன் எடுக்கலாம் என்று விசாரித்தால் அரை நாள் நான்கு மணி நேரமாம், முழு நாள் எட்டு மணி நேரமாம், விலையும் இரட்டிப்பு இல்லை, கொஞ்சம்தான் கூட. அதனால் வீட்டுக்காரர் முழு நாளே எடு, அதுதான் லாபம் என்கிறார். கெல்லி மாளிகை, பேராக் தோங் குகைக்கோயில், பழைய ஈப்போ, கோலகங்சார் பள்ளிவாசல், தைப்பிங் ஏரி, எல்லாம் ஒரே நாளில். எனக்குப் பாட்டியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போக்காரன்:
தங்கச்சி, அந்தப் பட்டியலை முதலில் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கெல்லி மாளிகை பத்து காஜா பக்கம், ஈப்போவுக்குத் தெற்கே. தைப்பிங் வடக்கே. நடுவில் இருப்பது உங்கள் ஊர். காலையில் தெற்கே போய், மத்தியானம் உங்கள் வீட்டு வழியாகவே வடக்கே போய், சாயங்காலம் மறுபடி திரும்பி வர வேண்டும். எட்டு மணி நேரத்தில் பாதி வேனுக்குள்ளேயே போய்விடும், பாட்டி பார்க்கப் போவது வழிநெடுக எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரத்தைத்தான்.

அரை நாள் எடுங்கள். கெல்லி மாளிகைக்கு வழிகாட்டி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் சும்மா போனால் அது ஒரு பாழடைந்த வீடு, அவ்வளவுதான். ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி கட்ட ஆரம்பித்தது, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக வேலை அப்படியே நின்றுவிட்டது. கட்டியவர்களில் மதராஸிலிருந்து வந்த நம்மவர்கள் நிறைய. விஷக்காய்ச்சலில் பலர் செத்துப்போக, மிச்சமிருந்தவர்கள் கேட்டு அவர் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பார், அதைக் காட்டினால் மாமா அங்கிருந்து நகரமாட்டார். பல வேன்கள் கோயிலுக்குப் போவதே இல்லை, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பாட்டிக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மாளிகையில் லிஃப்டுக்கு விட்ட குழிதான் இருக்கிறது, லிஃப்ட் வரவே இல்லை. மாடிக்கெல்லாம் படிதான். அவரைக் கீழேயே ஒரு நிழலில் உட்கார வையுங்கள்.

பேராக் தோங் நீங்கள் வீடு திரும்பும் வழியிலேயே இருக்கிறது. மலைமேல் ஏறினால் நானூறு படிக்கு மேல், ஏறாதீர்கள். கீழே குகைக்குள் பெரிய புத்தரையும் சுவர் ஓவியங்களையும் பார்த்தாலே போதும், உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

பிடோர்_மாமி:
நான் இதற்கு எதிர்க்கட்சி. முழு நாள் வீண் இல்லை, முழு நாள் எங்கே போகிறோம் என்பதுதான் விஷயம். கேமரன் மலைக்கு அரை நாளில் போய் என்ன செய்வது? ஏறி இறங்கவே நேரம் சரியாகிவிடும். அங்கே என்றால் முழு நாள், அதுவும் தாப்பா வழியில் வளைவு அதிகம், சிம்பாங் பூலாய் வழியாகப் போகச் சொல்லுங்கள். பிள்ளைகள் வாந்தி எடுத்தால் அப்புறம் என்னைத் திட்டாதீர்கள், வயிறு முட்டப் பசியாற விடாதீர்கள். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் திங்கட்கிழமை மூடியிருக்கும், நாங்கள் சரியாக அந்த நாளில்தான் போய் நின்றோம்.

பழைய_கங்காணி_பேரன்:
எதை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். நேரம் எங்கிருந்து எண்ணப்படும், ஈப்போவில் வேன் கிளம்பியதிலிருந்தா, உங்கள் வாசலில் ஏறியதிலிருந்தா? இரண்டாவது, வழியில் கடை உண்டா? போன வருடம் நாங்கள் முழு நாள் எடுத்தோம், பிஸ்கட் கடையில் ஒரு மணி நேரம், மெத்தைக் கடையில் ஒரு மணி நேரம். மெத்தைக்கடைக்காரர் என் அம்மாவைப் படுக்கவே வைத்துவிட்டார். அம்மா அசந்து தூங்கியும் விட்டார், அது வேறு கதை. வழிகாட்டிக்கு உரிமம் இருக்கிறதா, அட்டை மாட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

லயத்துவீட்டுப்பெண்:
எல்லாருக்கும் நன்றி. வரைபடத்தை வீட்டுக்காரரிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சரி என்றார். முதல் நாள் காலை அரை நாள் வேன், கெல்லி மாளிகையும் அந்தத் துரை இருக்கும் கோயிலும், திரும்பும்போது பேராக் தோங். மழை பிடிப்பதற்குள் வீடு வந்துவிடலாம். கோலகங்சாருக்கு எதற்கு வழிகாட்டி, எங்கள் காரிலேயே போகிறோம். 1877-இல் நட்ட பால்மரம், அதாவது ரப்பர் மரம், அங்கே இன்னும் நிற்கிறது, பாட்டியின் அண்ணன் இந்த நாட்டில் பால் வெட்டியவர், அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டார். கேமரன் மலை மாமா கையில், போவதாக இருந்தால் திங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஈப்போக்காரன்:
பள்ளிவாசலும் பார்ப்பதென்றால் வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம், தொழுகை நேரம். பால்மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில்.