படிவத்தில் பிழைச்செய்தி தெரிகிறது, ஸ்கிரீன் ரீடர் மட்டும் சொல்வதில்லை

தறிநூல்:
தமிழில் ஒரு பதிவுப் படிவம். தானியங்கிச் சோதனைக் கருவியில் பிழை பூஜ்யம். ஆனால் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) 'அனுப்பு' அழுத்தினால் பேச்சே இல்லை, அல்லது பாதிச் செய்தி கேட்டு அறுந்துவிடுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் சிவப்பில் செய்தி வருகிறது. எல்லாவற்றுக்கும் ரோல் அலர்ட் (வந்த உடனே வாசிக்கச் சொல்லும் குறிப்பு) கொடுத்தாயிற்று. போதாததற்குத் தமிழ் வரிகள் சிலவற்றை வாசிக்காமலே தாண்டுகிறது. கோளாறு எங்கே?

விசைப்பலகை:
பக்கம் திறந்த நிலையை மட்டுமே கருவி பார்த்திருக்கும். 'அனுப்பு' அழுத்திய பிறகு வருவது அதன் கண்ணில் பட்டிருக்காது.

ஐந்து அலர்ட் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிழையுள்ள கட்டங்களில் ஏரியா-இன்வேலிட் (உள்ளீடு தவறு என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் பண்பு) 'ட்ரூ' ஆகட்டும்; செய்தியின் ஐடியை ஏரியா-டிஸ்கிரைப்டுபை வழியாகக் கட்டத்தோடு இணையுங்கள். பிறகு முதல் பிழைக் கட்டத்துக்கு ஃபோகஸை (தட்டச்சு போய்ச் சேரும் இடம்) நகர்த்துங்கள். பெயர், தவறான உள்ளீடு என்ற குறிப்பு, செய்தி மூன்றும் சேர்ந்தே கேட்கும். திருத்தியதும் ஏரியா-இன்வேலிட்டை நீக்க மறக்க வேண்டாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே ஐடி இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் உள்ள செய்தியே வாசிக்கப்படும், அதையும் பாருங்கள்.

நெடுங்கணக்கு:
தமிழ் வரி தாண்டுவது வேறு சிக்கல். எச்டிஎம்எல் குறிச்சொல்லில் லாங் (பக்கத்தின் மொழியைச் சொல்லும் பண்பு) மதிப்பு என்ன? வார்ப்புருவிலிருந்து வந்த 'ஈஎன்' அப்படியே இருந்தால் ஆங்கிலக் குரல்தான் தமிழையும் வாசிக்கப் பார்க்கும். தெரியாத எழுத்தை விழுங்கிவிடும். தமிழைக் குறிக்கும் 'டிஏ' என்று மாற்றுங்கள். என்விடிஏவின் பேச்சு அமைப்பில் தானாக மொழி மாறும் வசதியும் இயங்க வேண்டும். அதோடு வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரல் உண்டு, இயந்திரத்தனமாக இருந்தாலும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வரி ஏதாவது இருக்கிறதா? பார்வைக்குத்தான் அது தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் தீராது.

நிறப்பிரிகை:
பிழைச்செய்தியின் அந்தச் சிவப்பு 255, 0, 0 (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) என்றால் வெள்ளைப் பின்னணியோடு அதன் ஒளி மாறுபாடு சுமார் 4:1தான். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 தேவை. 204, 0, 0 வைத்தால் 5.9 வரை வரும். நிறத்தை மட்டும் நம்பாமல் செய்தியின் முன்னால் 'பிழை:' என்று எழுதுங்கள்.

தறிநூல்:
லாங் 'ஈஎன்' என்றுதான் இருந்தது! ஃபோகஸ் நகர்த்திய பிறகும் முதல் செய்திக்கு மட்டும் அலர்ட் வைக்கலாமா?

விசைப்பலகை:
வேண்டாம், அதே செய்தி இருமுறை கேட்கும்.