பாஞ்ச்தர் பையன் 'கோசி'ன்னு எழுத வேண்டாங்கறான், ஏனுங்க?

பனியன்காரன், திருப்பூர்:
பதினஞ்சு வேலம்பாளையத்துல பன்னண்டு மிசின் போட்டு ஜாப் ஒர்க் பண்றேனுங்க. பேட்லாக் தையல் மிசின்ல ஒரு நேபாளத்துப் பையன், ஊர் பாஞ்ச்தர் ஜில்லா. நாலு வருசத்துல தமிழ் நம்மளாட்டமே பேசறான். போன வாரம் ஆளுங்க விவரத்தை நோட்டுல ஏத்தறப்ப, மாநிலம்ங்கற கட்டத்துல போன்ல பார்த்து 'கோசி'ன்னு எழுதினேன். நூல் கோன் மாத்திட்டிருந்தவன் எட்டிப் பார்த்துட்டு, "அது வேண்டாண்ணா, ஒண்ணுன்னு போடுங்க"ங்கறான். ஒண்ணுன்னு ஒரு மாநிலமா? ஆடிட்டர் என்னையல்ல சிரிப்பார்! ஏன்டான்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறான். வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உடுமலை பெருசு:
பையன் ஒண்ணும் ஒளறலைங்க தம்பி. 2015-ல புது அரசியல் சாசனம் வந்து நேபாளத்துல ஏழு மாகாணம் ஆச்சு. பேர் வைக்கறதுக்கு அந்தந்த மாகாண சபையில மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், அதுவரைக்கும் வெறும் நம்பர்தான். மத்ததுக்கெல்லாம் பேர் வந்தும், கெழக்குக் கோடியில இருக்கற ஒண்ணாம் நம்பருக்கு மட்டும் 2023 மார்ச் 1 வரைக்கும் இழுத்துது. வச்சது ஆத்துப் பேர். பீகார்ல வருசாவருசம் வெள்ளம் விடுமே, அந்தக் கோசிதான். பாஞ்ச்தர் மலைப்பக்கம் லிம்பு சனம் நெறைய. அவங்களுக்கு அந்த மண்ணு லிம்புவான். ராய் சனமும் சேர்ந்து, பேர்ல ரெண்டு சனத்துக்கும் பொதுவான கிராத் அடையாளம் இருக்கோணும்னு கேட்டாங்க, நடக்கலை. விராட்நகர்ல போராட்டம், தடியடி. அடிபட்ட ஒருத்தர் செத்தும் போனார். மூஞ்சியத் திருப்பாம என்ன பண்ணுவான்?

2009-ல நம்மளைத் திருப்பூர் மாவட்டத்துல சேர்த்தாங்களே, அப்பறமும் என்ற சம்சாரம் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில 'கோவை ஜில்லா'ன்னு போட்டாத்தான் ஆச்சுன்னு நின்னா. பிரஸ்காரன் ரெண்டு தடவை அடிச்சான்.

மஞ்சமண்டி, ஈரோடு:
பேரை விடுங்க, அந்த மாகாணத்து முதலமைச்சர் கதையக் கேளுங்க. 93 பேர் சபை, 47 இருந்தா ஆட்சி. எமாலேங்கற கம்யூனிஸ்ட் கட்சிக்கு 40. எதிர்ப்பக்கம் நேபாளி காங்கிரஸ் 29, மாவோயிஸ்ட் 13, ஒருங்கிணைந்த சோசலிஸ்ட் 4, ஜனதா சமாஜ்வாதி 1. கூட்டிப் பாருங்க, தராசு வச்ச மாதிரி 47! ஆனா அதுல ஒருத்தர் சபாநாயகர். அவர் கையெழுத்தையும் சேர்த்துக் காட்டி காங்கிரஸ்காரர் உத்தவ் தாபா முதலமைச்சரா பதவியேத்தார். அது செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் 2023 ஜூலையில எறக்கி விட்டுருச்சு. அப்பறம் எமாலே ஹிக்மத் கார்க்கி, கேதார் கார்க்கி, மறுபடி ஹிக்மத் கார்க்கி. கேதார் கார்க்கி காங்கிரஸ்காரர், ஆனா தூக்கி உக்கார வச்சது எமாலே. நம்ம கூவத்தூர் பார்த்தவங்களுக்கு இதெல்லாம் பழகின கணக்குதானுங்களே.

பனியன்காரன், திருப்பூர்:
ரொம்ப நன்றிங்க. டீ டைம்ல 47 கணக்கை அவன்கிட்டச் சொன்னேன். வடையக் கீழ வச்சுட்டுச் சிரிக்கறான். "நீ யாருக்குடா ஓட்டுப் போட்டே?"ன்னேன். "2022 நவம்பர்ல எலக்சன். நான் இங்க ஓவர்டைம்ல இருந்தேண்ணா"ங்கறான். வெளிநாட்டுல இருந்து ஓட்டுப் போட அவங்களுக்கு வழியில்லையாமா. போக நாலு நாள், வர நாலு நாள், யார் லீவு குடுப்பா? நாந்தான் குடுக்கலை. தீபாவளி ஆர்டர் முடிஞ்சும் பீஸ் கெடந்துது.

கோசிய அடிச்சுட்டு 1-ன்னு போட்டுட்டேனுங்க. ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து போன் வந்தா பெருசு எழுதினதை அப்படியே அனுப்பி விடறேன்.