மறு: கோர்ட் காட்சிப் பாட்டுக்கு என்ன சொல்?

> எல்லாவற்றையும் ‘வாக்குமூலப் பாடல்’ என்றே போட்டுவிடலாமே.

அண்ணா, இசைநாடகக் கோர்ட் காட்சிகளில் வரும் பாட்டு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர் சரிவராது. இப்போது பேசிக்கொண்டிருக்கும் ‘பரேட்’ இசைநாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜேசன் ராபர்ட் பிரவுன் பாட்டெழுதி இசையமைத்து, 1998இல் நியூயார்க்கில் மேடையேறியது. கதை நடப்பது 1913இல், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில். பென்சில் ஆலையில் வேலை பார்த்த 13 வயது மேரி ஃபேகனைக் கொன்றதாக ஆலை மேலாளர் லியோ ஃபிராங்க் மீது வழக்கு. ஆலைப் பெண்கள் வந்து, தங்களைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார் என்று சாட்சி சொல்லிப் பாடுகிறார்கள். உடனே கைதியாக உட்கார்ந்திருந்த லியோவே எழுந்து, அவர்கள் சொல்லும் காமுகனாக மாறி ஆடிப் பாடுகிறார். குரல் அவருடையது, சொல் அவர்களுடையது. இதைப் போய் வாக்குமூலம் என்றால், சாட்சிகளை நம்பி அவரைக் குற்றவாளி என்ற ஜூரி செய்த தப்பை நாமும் செய்தவர்களாவோம்.

அவர் தன் தரப்பைப் பாடுவது அப்புறம்தான். அன்றைய ஜார்ஜியா சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது. சத்தியம் இல்லாமல் தன் கதையைச் சொல்லலாம், அவ்வளவுதான். நிஜ லியோவும் அப்படித்தான் மணிக்கணக்கில் பேசினார். ஆக, அந்த ஒரு பாட்டுதான் வாக்குமூலம்.

‘பாடல்’ என்பதும் எனக்குப் போதவில்லை. ‘தரு’ என்று வைக்கலாம். ஆந்திராவில் எங்கள் புத்தூர், நகரிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில், இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் தான் யார் என்று பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கிக்கொள்வார்கள். தமிழில் பாடினால் தரு, தெலுங்கில் பாடினால் தருவு. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்திலும் தரு உண்டு. கதைக்குள் நிற்கும் பாத்திரத்தின் பேச்சே பாட்டாகிறது. கோர்ட்டில் நடப்பதும் அதுதானே? (கச்சேரியில் தனியாக எடுத்துப் பாடினால் பாதி புரியாது என்பதும் இரண்டுக்கும் பொது!)

தரு என்றால் மரம் என்று நினைப்பார்களே என்று அக்கா கேட்டிருந்தார். கற்பகத் தரு என்றால் மரம். வேஷக்காரர் நுழையும்போது பாடும் பிரவேசத் தரு என்றால் எங்கள் ஊரில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

எனவே சாட்சியத் தரு, வாக்குமூலத் தரு என்று இரண்டு சொல். யார் பாடினாலும் சரி, சொல் யாருடையது என்று பார்த்துப் பிரிக்கலாம். அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி ஜிம் கான்லியின் பாட்டு இப்போது நம் பட்டியலில் ‘வாக்குமூலப் பாடல்’ வரிசையில் இருக்கிறது. ஆட்சேபம் இல்லையென்றால் அதையும் சாட்சியத் தருவுக்கு மாற்றிவிடுகிறேன்.