வீட்டிலேயே சோடா பிளாஸ்டிங் (சோடாத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துப் பழைய பெயிண்டை எடுப்பது) செய்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வர்த் 1200:
என் வண்டி டத்சன் 1200 பக்கி, அதாவது சின்ன பிக்கப். அன்றைக்கு பானட் மட்டும்தான். ஜனவரி மாத டர்பன் காலையில் சட்டையே காயாது, உங்களுக்குத் தெரியாததா. பத்து நிமிடத்தில் தூள் பீய்ச்சும் நாசில் இருமி இருமி நின்றுவிட்டது. உள்ளே சோடா ஈரம் குடித்துக் களியாகியிருந்தது. டேங்கில் காற்று இருப்பதை மறந்து ஹோஸைக் கழற்றினேன். புஸ்ஸென்று ஒரு வெள்ளை மேகம் மதிலைத் தாண்டிப் போனது.

அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆயா தைப்பூசக் காவடிக்கு மஞ்சளில் முக்கியெடுத்த வேட்டிகளைக் கொடியில் போட்டிருந்தார். சொட்டச் சொட்ட ஈரம். தூள் விழுந்த இடமெல்லாம் கண்ணெதிரே சிவக்க ஆரம்பித்தது. "முருகா, ரத்தம்!" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. விரதம் இருக்கும் வீடு. நானோ முகமூடி மாட்டிக்கொண்டு, தலை முதல் கால் வரை வெள்ளையாக, மதில்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பானட் இன்னும் பாதியில்தான் கிடக்கிறது.

பீனிக்ஸ் கார்ட்டினா:
உங்களுக்கு வேட்டி போனது, எனக்குப் பெயிண்ட். என் கார்ட்டினா கார் கதவு பளிச்சென்று வந்தது, அன்று மாலையே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தேன். டேப்பை உரித்தால் பிரைமரும் கூடவே வருகிறது, வாழைமட்டை மாதிரி. துரு மட்டும் இருந்த இடத்தில் அப்படியே. சோடா சும்மா ஏமாற்று. மணல்தான் சரி.

மெரிபேங்க் மாமா:
பீனிக்ஸ் தம்பி, துருவை எடுக்க சோடாவால் ஆகாது, அது பெயிண்டுக்குத்தான். தகட்டைச் சூடாக்காது, அதனால் நெளியாது. மணலால் அடித்திருந்தால் உன் கதவு அப்பளமாகியிருக்கும், அந்தத் தூசி நுரையீரலையும் விடாது. 1980களில் நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்குள் செம்புத் தகட்டில் ஒட்டியிருந்த தாரையே சோடாவால்தான் எடுத்தார்கள். நீ கழுவவில்லை, அதுதான் விஷயம். நிறையத் தண்ணீர் விட்டு, அப்புறம் வினிகர் கலந்த தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர், உடனே துடைத்து உலர்த்து. கடல்காற்றில் விட்டால் துரு ஏறிவிடும். பழைய துருவுக்குத் தனியாகக் கார்னெட் (கடினமான கல் தூள்) அடி.

சாட்ஸ்வர்த் தம்பி, நீ மசாலாக் கடை சமையல் சோடாதானே போட்டாய்? அது மாவு. பிளாஸ்டிங்குக்கென்று பெரிய மணியாக விற்பதை வாங்கு. காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் வாட்டர் டிராப்பைக் கம்ப்ரசரிலேயே மாட்டாதே, காற்று ஹோஸில் ஓடி ஆறிய பிறகு, டேங்குக்குப் பக்கத்தில் மாட்டு. கண்ணாடி ஓரம், கதவு இடுக்கு எல்லாம் டேப். கீழே தார்ப்பாய் விரி. நான் விரிக்கவில்லை, புல் செத்தது. அவ்வளவுதான் என் கதை.

வேட்டிக்கு எலுமிச்சை பிழி. மஞ்சளில் சோடா, சுண்ணாம்பு மாதிரிக் காரம் பட்டால் சிவக்கும், குங்குமம் செய்வது அப்படித்தானே. புளிப்பு பட்டால் திரும்பிவிடும்.

சாட்ஸ்வர்த் 1200:
மாமா, நான் யோசனை கேட்கவே இல்லை. சமையல் சோடா என்பது மட்டும் உண்மை.

எலுமிச்சை விஷயத்தை ஆயாவிடம் சொன்னேன். "முதலில் உன் பக்கியில் தேய்த்துப் பாருடா" என்றார்.