எஸ்இ/30 போர்டில் கெப்பாசிட்டர் மாற்ற வேண்டும், பேட் (அது ஒட்டியிருக்கும் செம்புத் தகடு) பெயராமல் எப்படி எடுப்பது?

கேள்வி:
வணக்கம். என்னிடம் ஒரு மேக்கின்டாஷ் எஸ்இ/30 இருக்கிறது, ஆப்பிளின் பழைய கம்ப்யூட்டர், 1989 மாடல். ஆன் செய்தால் சத்தமே இல்லை, திரையில் படுக்கைக் கோடுகள்தான். போர்டைக் கழற்றிப் பார்த்தேன், அந்தச் சின்ன அலுமினிய டப்பா கெப்பாசிட்டர்களின் காலடியில் ஈயம் மங்கி, தொட்டால் பிசுபிசுக்கிறது. குறடால் பிடித்துத் திருகு, வந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில் 1:
திருகாதீர்கள் சார். சிலர் திருகியே எடுக்கிறார்கள், உண்மைதான், ஆனால் 35 வருடத்துக்கு மேல் ஆன போர்டில் கசிந்த திரவம் பேட்டுக்கு அடியிலேயே இறங்கியிருக்கும், திருகினால் செம்பும் சேர்ந்து வந்துவிடும். எனக்கு அப்படி இரண்டு பேட் போனது, இன்றும் வருத்தம்தான்.

சூடு வைப்பதற்கு முன்பே ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் ஃப்ளக்ஸும் (ஈயம் நன்றாக உருகி ஓட உதவும் பசை) புது ஈயமும் வைத்து, இரண்டு சால்டரிங் அயர்னால் ஒரே நேரத்தில் சூடாக்கினால் டப்பா தானாக நகரும். அப்போது கருவாட்டு வாடை வரும், அது கசிந்த திரவத்தின் வாடை, ஜன்னலைத் திறந்து வையுங்கள். எடுத்ததும் மறுபடி ஒருமுறை கழுவ வேண்டும், பக்கத்து ஐசிகளின் கால் இடுக்கு உட்பட. புதுக் கெப்பாசிட்டரைவிட இந்தக் கழுவல்தான் முக்கியம்.

பதில் 2:
புதிதாக டான்டலம் (இது இன்னொரு வகைக் கெப்பாசிட்டர்) போடுவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். அலுமினியத்தில் கறுப்புப் பட்டை மைனஸ், டான்டலத்தில் பட்டை பிளஸ். மாற்றிப் போட்டால் எரிந்துவிடும். 47 மைக்ரோஃபாரட் 16 வோல்ட்தான் அதில் அதிகம், ஆனால் 12 வோல்ட் லைனில் வருவதற்கு 25 வோல்ட் வாங்குங்கள். பேட்டரியையும் இன்றே கழற்றுங்கள், அது கசிந்தால் போர்டே போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி இருவருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டேன், நல்லவேளை கசியவில்லை. சொன்னபடியே எல்லாம் மாற்றினேன், பேட் எல்லாம் தப்பித்தன. கோடுகள் போய்விட்டன, ஆனால் சத்தம் வரவில்லை. லென்ஸில் பார்த்தால் ஒரு ட்ரேஸ் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) பச்சை பூத்திருந்தது, மல்டிமீட்டர் பீப் அடிக்கவில்லை, அதாவது இணைப்பு அறுந்திருக்கிறது. மெல்லிய வயர் ஒன்றை மேலே ஓட்டிவிட்டு ஆன் செய்தேன். மேக் ஆன் ஆகும்போது வரும் அந்த "டங்" கேட்டது!