ஈடி (கால் மைல் ஓடி முடிக்க ஆகற நேரம்) குறைஞ்சிருக்கு, ட்ராப் ஸ்பீடும் (ஃபினிஷ் லைன்ல இருக்கற வேகம்) குறைஞ்சிருக்கு, பவர் ஏறுச்சா இறங்குச்சா?

ரெட்லைன்_ராசு:
நாலு சிலிண்டர், டர்போ எதுவும் இல்ல, கார்புரேட்டர், பெட்ரோல். கால் மைல் ஓட்றதுக்கு மட்டும் வச்சிருக்கற வண்டி. ஃபுல் த்ராட்டில்ல வைட்பேண்ட் (எக்ஸாஸ்ட வச்சு காத்து-பெட்ரோல் விகிதம் காட்டற மீட்டர்) 13.1 காட்டிட்டு இருந்துச்சு, கொஞ்சம் ரிச்சா (பெட்ரோல் கூடுதலா) இருக்கட்டும்னு மெயின் ஜெட்ட (கார்புல பெட்ரோல் போற துளை) பெருசாக்கி கூடவே இக்னிஷன் டைமிங்கும் 2 டிகிரி அட்வான்ஸ் குடுத்தேன் (பிளக் தீப்பொறி முன்னாடியே வர்ற மாதிரி), இப்ப 12.2. ஈடி நல்லா வருது ஆனா ஃபினிஷ் லைன்ல ஸ்பீடு கம்மி. எத நம்பறது?

கார்ப்_பைத்தியம்:
ஸ்பீடத்தான் நம்பணும் ப்ரோ. ஈடில டயர் கிரிப், கிளட்ச், நீங்க கிளம்பற விதம்னு எல்லாம் கலந்துகிடக்கும். ஸ்லிப்ல (ட்ராக்ல தர்ற நேரச் சீட்டு) முதல் 60 அடி டைம் என்ன ஆச்சுன்னு பாருங்க, ஈடி அங்கதான் குறைஞ்சிருக்கும். வண்டி வெயிட் மாறலன்னா பவர் ட்ராப் ஸ்பீடோட மூணாவது அடுக்குல போகும், அதாவது ஸ்பீடு 1% விழுந்தா பவர் கிட்டத்தட்ட 3% காலி. ஜெட், டைமிங் ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்துனா எது தின்னுச்சுன்னு யாரு கண்டா.

டிகிரி_வீல்:
ஒரு விஷயம் சொல்லணும், லாஞ்ச் நல்லா பிடிச்சா ட்ராப் ஸ்பீடு ஒரு துளி இறங்கறது சகஜம், அதனால 60 அடி ஒரே மாதிரி வந்த ரன்களத்தான் ஒப்பிடணும். வெயில் ஏறுனா காத்தோட அடர்த்தி குறைஞ்சு கார்பு தானாவே ரிச்சாகும், அதையும் குறிச்சு வைங்க.

மத்தபடி பெட்ரோலுக்கு முழுசா எரியற கணக்கு 14.7, பவர் அதிகமா வர்றது 12.5லேர்ந்து 13 வாக்குல. நீங்க ஏற்கனவே பக்கத்துலதான் இருந்தீங்க. எனக்கு சந்தேகம் டைமிங் மேலதான். எரியற ப்ரஷர் உச்சம் டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) தாண்டி சுமார் 15 டிகிரில வரணும், ரொம்ப சீக்கிரமே ப்ரஷர் ஏறிட்டா மேல ஏறிட்டு இருக்கற பிஸ்டன அதுவே எதுத்து அமுக்கும். ஓப்பன் எக்ஸாஸ்ட் சத்தத்துல நாக்கிங் (கலவை தானா வெடிக்கறதால வர்ற தட்டல்) காதுல விழாது, பிளக்குலதான் பாக்கணும். புது பிளக் போட்டு ஃபுல் ரன் அடிச்சு, லைன தாண்டுனதும் கிளட்ச அமுக்கி இக்னிஷன கட் பண்ணி உருட்டியே வாங்க (ஸ்டியரிங் லாக் ஆகாம கில் சுவிட்ச்ல பண்ணுங்க), ஐடில்ல ஓட்டிட்டு வந்தா பிளக்குல படிக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. பீங்கான்ல மிளகுத்தூள் மாதிரி புள்ளியோ அலுமினியப் பொட்டோ தெரிஞ்சா உடனே டைமிங்க குறைங்க.

லீன்_மச்சான்:
அந்த 12.2ம் நெசமான்னு பாருங்க. மிஸ்ஃபயர் ஆனாலோ சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் லீக் இருந்தாலோ மீட்டர் லீன்னு (பெட்ரோல் கம்மின்னு) காட்டும், உள்ள இன்னும் ரிச்சா ஓடிட்டு இருக்கலாம்.

ரெட்லைன்_ராசு:
60 அடி 0.1 செகண்ட் குறைஞ்சிருக்கு தல, கிளம்புனதுதான் நல்லா அமைஞ்சிருக்கு போல. பழைய ஜெட்டு பழைய டைமிங் ரெண்டையும் திருப்பி போடட்டா?

டிகிரி_வீல்:
வேணாம், டைமிங்க மட்டும் 2 டிகிரி இறக்குங்க, ஜெட் அப்படியே இருக்கட்டும். ஸ்பீடு திரும்பி வந்தா விடை கிடைச்சிருச்சு, வரலன்னா அடுத்த ரன்னுக்கு ஜெட்ட ஒரு சைஸ் சின்னதாக்குங்க. பிளக் போட்டோ போடுங்க.